முந்நூறு ரூபாய் தூரம்

சகலை நாச்சிமுத்து சொல்லும் அந்தக் கதையைக் குழந்தைவேலு இருபத்திரண்டு வருடங்களாக முழுதாக நம்பியதில்லை. நம்பவில்லை என்று வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. மனைவி சாந்தாமணியின் அக்கா ரத்தினாவைக் கட்டியவர் நாச்சிமுத்து, வயதில் மூத்தவர், அவர் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் காதைக் கொடுக்க வேண்டியதுதான். கோயமுத்தூருக்கு ஃபிரிட்ஜ் வாங்கப் போனாராம். கடைக்காரர் சொன்ன விலைக்கு இவர் மசியவில்லையாம். ‘உங்க ஃபிரிட்ஜை நீங்களே வெச்சுக்கங்க’ என்று எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தாராம். கடைக்காரர் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்து, கையைப் பிடித்து இழுத்துப் போய், ஆயிரத்து நானூறு குறைத்து, ஸ்டெபிலைசரையும் சும்மா கொடுத்து அனுப்பினாராம். முதல் தடவை சொன்னபோது கடைக்காரர் வாசற்படியிலேயே பிடித்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து ஒரு காதுகுத்தில் சொன்னபோது டீக்கடை வரைக்கும் ஓடி வந்தார். அப்புறம் பஸ் நிறுத்தம். போன பொங்கலுக்குச் சொன்னபோது நாச்சிமுத்து ஒரு காலைப் பஸ் படியில் வைத்துவிட்டிருந்தார். இப்படி ஒவ்வொரு தடவையும் நீளும் கதையை எந்த மடையன் நம்புவான். ஆனால் இதோ, ஆடி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பதினொன்றேகால் மணிக்கு, ஈரோட்டில் ஒரு மூன்று மாடிக் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருக்கிற மடையன் குழந்தைவேலுதான்.

படி ஆறு. படிக்குக் கீழே ஆடித் தள்ளுபடிப் பந்தல். பந்தலடியில் கரடி வேஷம் போட்ட ஓர் ஆள், கரடித் தலையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். மெதுவாக நடக்க வேண்டும். மெதுவாக நடப்பது தெரியக் கூடாது. கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்தில் இருக்க வேண்டும், கூப்பிடுவதற்காக நடப்பதுபோல இருக்கக் கூடாது. இந்த நடை அவருக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து நன்றாகத் தெரியும். பஞ்சு மில்லில் இருபத்தொன்பது வருடமாகப் பர்ச்சேஸ் செக்சன். மூன்று இடத்தில் விலை எழுதி வாங்கிய கொட்டேசன் இல்லாமல் ஒரு விளக்குமாறுகூட வாங்கியதில்லை. ‘மூணு கொட்டேசன்’ என்று சொன்னால்தான் மில்லில் அவரைப் பாதிப் பேருக்குத் தெரியும். அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கட்டுப்படியாகாது என்று எழுந்து போகிற வியாபாரிகளை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். சைக்கிள் ஸ்டாண்டுக்கு முன்னால் திரும்பிப் பார்த்தால் அவனுக்கு இந்த ஆர்டர் வேண்டும்; கூப்பிட வேண்டியதில்லை, அவனே வருவான். திரும்பாமல் ஸ்டாண்டைத் தாண்டிவிட்டால்தான் உண்மையிலேயே கட்டுப்படியாகவில்லை என்று அர்த்தம், அப்போது கூப்பிடலாம். அப்படியானால் இந்தக் கடைக்கு எது சைக்கிள் ஸ்டாண்டு? அந்தக் கரும்புச் சாறு வண்டியா? அதற்கு அடுத்த பேக்கரியா? மேலே இரண்டாவது மாடியிலிருந்து அந்த விற்பனைப் பெண் பார்த்துக்கொண்டிருப்பாளா? சட்டைப் பெயர்ப் பட்டையில் கௌசல்யா என்று இருந்தது. கிரைண்டருக்கு ஏழாயிரத்து நானூற்றைம்பதில் ஆரம்பித்து ஏழாயிரத்து இருநூறுக்கு இறங்கி வந்தாள். அவர் ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் என்றார். ‘அதுக்கு மேல கொறைக்க எனக்கு அதிகாரம் இல்லீங்ண்ணா.’ ‘அதிகாரம் இருக்கறவரைக் கேளு கண்ணு.’ போனில் கேட்டாள். ‘ஒத்தை ரூபா கொறையாதுன்னுட்டாருங்ண்ணா.’ ‘அப்ப நாங்க வேற கடை பாத்துக்கறோம்.’ அதற்கு அவள் கெஞ்சியிருக்க வேண்டும். குறைந்தது உட்காருங்கண்ணா என்றாவது சொல்லியிருக்க வேண்டும். ‘சரிங்ண்ணா’ என்றாள். அவ்வளவுதான். யாரோ வழி கேட்டதற்குச் சொல்வதைப்போல. அந்தச் ‘சரிங்ண்ணா’ இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

கரும்புச் சாறு வண்டியைத் தாண்டும்போதுதான் காதில் ஏதோ குறைவது தெரிந்தது. செருப்புச் சத்தம். சாந்தாமணியின் இடது செருப்பு வார் தளர்ந்து, அடி வைக்கும்போதெல்லாம் சட்டக் சட்டக் என்று அடிக்கும். முப்பத்தோரு வருடமாக, செருப்பு எதுவானாலும், அவருக்கு அரை அடி பின்னால் ஒரு சத்தம் வந்துகொண்டேதான் இருந்தது. எழுந்திருக்கும்போது ‘வா, போலாம்’ என்றாரா? என்றார். சொன்னது நினைவிருக்கிறது. அவளைப் பார்த்துச் சொன்னாரா, கௌசல்யாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாரா? அவள் எழுந்தாள் என்றுதான் நினைத்தார். எழுந்ததைப் பார்க்கவில்லை. கடைக்குள் உடுக்கையும் பம்பையும் போட்டு ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது, அதில் செருப்பு எங்கே கேட்கும். படியில் கூட்டம். கரடி. ஆனால் இங்கே ரோட்டில் கேட்க வேண்டுமே. கேட்கவில்லை. திரும்பினால் தெரிந்துவிடும். திரும்பினால் முந்நூறு ரூபாய் போய்விடும். இன்னும் பத்தடி. பத்தடி கழித்துத் திரும்பலாம். அவள் கையில் பைகூட இல்லை. ஆறு மாதமாக அந்த வலது கையில் எதையும் மாட்டக் கூடாது என்பதால் பர்ஸை அவரிடம் கொடுத்துவிடுகிறாள். அது அவர் சட்டைப் பையில் கொட்டேசன் காகிதத்தோடு இருக்கிறது. செல்போன் வீட்டில் சார்ஜில் கிடக்கிறது. அங்கே அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில், கிரைண்டருக்குப் பக்கத்தில், பஸ் காசுகூட இல்லாமல் அவள் உட்கார்ந்திருக்கிறாள். இல்லை, வந்துகொண்டிருப்பாள். கூட்டத்தில் பின்தங்கியிருப்பாள். அவள் எப்போதாவது வராமல் இருந்திருக்கிறாளா?

வீட்டிலிருக்கும் கிரைண்டர் பழைய காலத்துப் பெரியது. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கியது. மோட்டார் இன்னும் சிங்கம்போல் ஓடுகிறது. அதன் குழவியைத் தூக்கி வெளியே வைத்துத்தான் மாவை வழிக்க வேண்டும், மறுபடி தூக்கிக் கழுவி உள்ளே வைக்க வேண்டும். ஒன்பது கிலோ. அந்தக் கையில் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ‘குழவியை நானே தூக்கி வைக்கறேன்’ என்று அவர் சொன்னார். தூக்கியும் வைத்தார், இரண்டு வாரம். மில்லுக்கு ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். ஒருநாள் சாயங்காலம் வந்து பார்த்தபோது மாவு பாத்திரத்தில் பொங்கி நின்றது, அவள் கை முழங்கைக்குக் கீழே பூசணிப் பிஞ்சுபோல வீங்கிக் கிடந்தது. கோபமாகத்தான் கேட்டார், ‘யாரு உன்னைத் தூக்கச் சொன்னா?’ ‘அரிசி ஊறிப் போச்சுங்க’ என்றாள். அப்புறம்தான் சாய்க்கிற மாடல் கிரைண்டர் வாங்கலாம் என்று அவர் சொன்னது. சித்திரையில் சொன்னார். சித்திரையில் வாங்கினால் முழு விலை. ஆடியில் குறைப்பார்கள். நான்கு மாதம்தானே. இன்று அந்த கௌசல்யா, ‘அக்கா, நீங்களே சாய்ச்சுப் பாருங்க, கல்லைத் தொடவே வேண்டாமுங்க’ என்றபோது சாந்தாமணி இடது கையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினாள். பாத்திரம் குழவியோடு சேர்ந்து, சொன்ன பேச்சுக் கேட்கிற மாடுபோலத் தலையைச் சாய்த்தது. அவள் சிரித்துவிட்டாள். ‘அட!’ என்றாள். மறுபடி நிமிர்த்தி மறுபடி சாய்த்தாள். ஆறு மாதத்தில் அவள் முகத்தில் அவர் பார்த்த முதல் சிரிப்பு. பார்த்ததும் அவருக்கு என்ன தோன்றியது? போச்சு, இனி ஒரு ரூபாய் குறைக்க மாட்டாள் என்று தோன்றியது. அதுதான் தோன்றியது. வீட்டிலேயே படித்துப் படித்துச் சொல்லிக் கூட்டி வந்தார்: ‘புடிச்ச மாதிரி மூஞ்சியக் காட்டாத. காட்டுனா ஏத்திருவாங்க.’ அவர் பார்த்த பார்வையில் அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சிரிப்பும் அதோடு உள்ளே போய்விட்டது. எவ்வளவு சுலபமாகப் போய்விட்டது. எடுத்து உள்ளே வைத்துப் பழகியதுபோல.

பழகியதுதான். அவர்தான் பழக்கினார். ‘பயந்த மாதிரி காட்டிக்காத, ரேட்டை ஏத்திருவாங்க’ என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னார். அதை நினைக்காமல் இருக்க முடிவதில்லை, நாக்கு சொத்தைப் பல்லுக்கே போவதுபோல. மார்கழி முதல் வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. சீக்கிரம் அறுத்து எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். சீக்கிரம் என்றால் எத்தனை நாள் என்று எழுதவில்லை. அவர் மூன்று கொட்டேசன் வாங்கினார். ஆமாம், மனைவியின் மார்பில் கட்டி என்றதும் அவர் செய்தது அதுதான். அவருக்குத் தெரிந்தது அதுதான். அழத் தெரிந்தவன் அழுவான், அவர் கொட்டேசன் வாங்கினார். முதல் ஆஸ்பத்திரி கட்டுப்படியாகவில்லை. இரண்டாவதில் பேக்கேஜ் என்று ஒரு தொகை சொன்னார்கள். இருபதாயிரம் குறைக்கச் சொன்னார். முடியாது என்றார்கள். எழுந்தார். அவளையும் கூட்டிக்கொண்டு வராந்தாவில் மெதுவாக நடந்தார். அவள் பழைய செருப்பு, அதுவும் சத்தம் போடும், அரை அடி பின்னால் வந்தது. லிஃப்ட்டைத் தாண்டினார், மருந்துக்கடையைத் தாண்டினார், வாட்ச்மேனைத் தாண்டினார். யாரும் கூப்பிடவில்லை. போன் நம்பர் வாங்கியிருக்கிறார்களே, கூப்பிடுவார்கள் என்றிருந்தார். நடுவில் பொங்கல் வந்தது. நாச்சிமுத்து வீட்டு முற்றத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவர் மறுபடி அந்தக் கதையை எடுத்தார். ‘அவசரப்படறவன் ஏமாறுவான் சகலை. காலைப் பஸ்ல வெச்சுட்டேன்னு வெய்யுங்க, ஓடி வர்றான் பாருங்க!’ எல்லோரும் சிரித்தார்கள். சாந்தாமணியும் அங்கேதான் இருந்தாள், ஒரு பக்கமாக. குழந்தைவேலு சிரித்தாரா? சிரித்தார். கதையை நம்பவில்லை, ஆனால் மேலும் ஒன்பது நாள் போனுக்காகக் காத்திருந்தார். போன் வரவில்லை. மூன்றாவது இடத்தில் பதினெட்டாயிரம் குறைவாகக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து, ஜெயித்தவன்போலச் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார், ‘பதினெட்டாயிரம் மிச்சம் சாந்தா!’ அவள் குழவியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். ‘நல்லதுங்க’ என்றாள்.

ரிப்போர்ட் வந்து அறுவை நடக்க நாற்பத்தொரு நாள். அறுவை முடிந்து வெளியே வந்த டாக்டர் அக்குள் நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுக்க வேண்டியதாகிவிட்டது, இனி அந்தக் கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம் என்றார். ‘எத்தன நாள் முன்னாடிங்க?’ என்று கேட்டார் குழந்தைவேலு. ‘அதெல்லாம் கணக்காச் சொல்ல முடியாதுங்க’ என்று போய்விட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விலையை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். பத்து நாளா? இருபதா? அந்தப் பொங்கலுக்குப் பிந்திய ஒன்பது நாளா? பதினெட்டாயிரத்தை நாற்பத்தொன்றால் வகுத்தால் ஒரு நாளுக்கு நானூற்று முப்பத்தொன்பது. ஒரு நாள் இல்லை, எத்தனையோ நாள் மில் நாற்காலியில் உட்கார்ந்து வகுத்துப் பார்த்திருக்கிறார், வேறு விடை வந்துவிடும் என்பதுபோல. டாக்டர் சொன்னது அவளுக்குத் தெரியுமா என்பது அவருக்குத் தெரியாது. கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்ற பயம். இன்று காலை பஸ்ஸில் வரும்போது, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, ‘புதன்கிழமை ஸ்கேனுக்கு முன்னாடி வாங்கிறலாங்களா?’ என்றாள். இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்கிறவள் இல்லை. ‘அதுக்குத்தானே போறோம்’ என்றார். ஏன் ஸ்கேனுக்கு முன்னாடி? அப்போது அது உறைக்கவில்லை. இப்போது பேக்கரி வாசலில், தேங்காய் பன் வாசனைக்கு நடுவில் நின்று கொக்கிபோல இழுக்கிறது. ஸ்கேன் நல்லபடியாக வந்தால் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாமே. நல்லபடியாக வராவிட்டால்? வராவிட்டால் அவர் மறுபடி காகிதத்தை எடுத்துக்கொண்டு மூன்று கொட்டேசன் வாங்கக் கிளம்பிவிடுவார், கிரைண்டர் அந்தரத்தில் நின்றுவிடும் என்று நினைத்தாளா? அல்லது இனி எத்தனை தடவை மாவாட்டப் போகிறோம் என்று அவளும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறாளா? எதுவும் தெரிவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, கை வலிக்காமல், இடது கையால் சாய்த்து... அவள் அவ்வளவுதான் கேட்டாள். அதற்குத்தான் அவர் முந்நூறு ரூபாய்க்காக ரோட்டில் நடந்துகொண்டிருக்கிறார்.

இப்போது நடக்கவும் இல்லை, பஸ் நிறுத்தத்துக்கே வந்துவிட்டார். பின்னால் யாரும் கூப்பிடவில்லை. கௌசல்யா கூப்பிடவில்லை, மேனேஜர் செருப்பில்லாமல் ஓடி வரவில்லை, செருப்புச் சத்தமும் வரவில்லை. பெருந்துறை பஸ் ஒன்று வந்து நின்றது. ஏறுகிற கூட்டம் தள்ளியது; அவர் வலது காலைப் படியில் வைத்தார். வைக்கிறோம் என்று தெரிந்து வைக்கவில்லை. இரும்புப் படியின் சூடு செருப்பு வழியாக ஏறியது. ஒரு கால் படியில், ஒரு கால் ரோட்டில். இதே இடம்தான், நாச்சிமுத்து நின்ற இடம். கதையின் உச்சக்கட்டம். இங்கே நின்றால் இப்போது ஒருவன் ஓடி வர வேண்டும். கண்டக்டர் குனிந்து பார்த்தார். ‘ஏனுங்க, ஏறுனா ஏறுங்க, எறங்குனா எறங்குங்க. படியில நின்னுட்டு யாருக்குக் காத்துட்டு இருக்கறீங்க?’ உள்ளே யாரோ சிரித்தார்கள். காலை எடுத்துக்கொண்டார். பஸ் புகையை முகத்தில் அடித்துவிட்டுப் போயிற்று. பஸ் படியில் காலை வைத்தாராமே நாச்சிமுத்து. வைத்திருந்தால், அவர் மட்டுமா வைத்தார்? கூடப் போயிருந்த ரத்தினாக்கா? அந்தக் கதையில் கடைக்காரர் இருக்கிறார், அவர் போடாத செருப்பு இருக்கிறது, டீக்கடை இருக்கிறது, ஸ்டெபிலைசர் இருக்கிறது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட ரத்தினாக்கா அதில் வந்ததில்லை. கதை ஆரம்பித்ததும் அவர் எழுந்து உள்ளே போய்விடுவார். டம்ளர் கழுவ, பால் பார்க்க, எதற்காவது. போன பொங்கலுக்கும் எழுந்து போனார். போகும்போது சாந்தாமணியின் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அதைப் பார்த்தார் குழந்தைவேலு. பார்த்துவிட்டு, கதைக்குத் திரும்பிவிட்டார்.

திரும்பினார். முதலில் தலை, பிறகு உடம்பு. ரோட்டில் கூட்டம் வந்துகொண்டிருந்தது. அதில் அவள் இல்லை. வந்த வழியே நடக்க ஆரம்பித்தார், இப்போது மெதுவாக இல்லை. நடந்துகொண்டே நாச்சிமுத்துவைப் போனில் கூப்பிட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். ‘சொல்லுங்க சகலை! என்ன, இரைச்சலா இருக்குது? கடைவீதியா? ஆடித் தள்ளுபடிக்குப் போயிட்டீங்களாக்கும்!’ ‘கிரைண்டர் பாக்க வந்தோமுங்க.’ ‘கொறச்சானா?’ ‘இல்லீங்க. வெளிய வந்துட்டேன்.’ ‘அப்படிப் போடுங்க! பின்னாடி மட்டும் திரும்பிப் பாத்தறாதீங்க. அன்னைக்கு நானு எப்படி? பஸ்ல காலை வெச்சுட்டேன் சகலை, அப்பறம் ஓடி வந்தான் பாருங்க, வேர்த்து விறுவிறுத்து...’ பேக்கரி போயிற்று. கரும்புச் சாறு வண்டி போயிற்று. கரடி தலையை மாட்டிக்கொண்டு ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டியது, ஒதுக்கிவிட்டுப் படியேறினார். ஒன்று, இரண்டு. நாச்சிமுத்து காதுக்குள் கடைக்காரரை ஓட வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவு வெயிலை அடித்துக்கொண்டு நின்றது. உள்ளே எதுவும் தெரியவில்லை, காதில் போனோடு வியர்த்து நிற்கும் ஓர் ஆள்தான் தெரிந்தான். இரண்டாவது மாடி, ஏறிப் போய், இடது பக்கம் திரும்பினால் சிவப்பு நாற்காலி. அதில் அவள் இருக்கலாம். அது காலியாக இருக்கலாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார், தள்ளவில்லை. ‘சகலை, ஒரு நிமிசம்’ என்றார். குரல் உயர்ந்துவிட்டது.

‘நீங்க எந்திரிச்சு வெளிய வந்தீங்களே, அப்ப ரத்தினாக்கா எங்கீங்க இருந்தாங்க?’